சுதந்திர நிகழ்வு அல்ல, சாரா நிகழ்ச்சி

அக்கா மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். பகடையை ஒருமுறை உருட்டுகிறோம்; இரட்டை எண் விழுவதும் ஒற்றை எண் விழுவதும் சாரா நிகழ்ச்சிகளா? "ஆமாம் மாமா, ரெண்டும் தனித்தனிதானே, சுதந்திர நிகழ்வுகள்" என்றான். எங்கே படித்தாய் என்றால், காணொளியில் அப்படித்தான் சொல்கிறார்களாம். சாரா நிகழ்ச்சிகள், ஆங்கிலத்தில் இன்டிபென்டன்ட் ஈவென்ட்ஸ், என்றால் ஒன்று நடந்தது என்று தெரிந்தாலும் மற்றதன் நிகழ்தகவு மாறாதவை; இரட்டையும் ஒற்றையும் அப்படியல்ல. அவன் தவறாகச் சொன்னதற்கு அவன் காரணமில்லை. அவனுக்குக் கொடுத்த சொல்தான் காரணம். இந்தச் 'சுதந்திர நிகழ்வு' சில ஆண்டுகளாக எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் சொற்பிறப்பு. இன்டிபென்டன்ட் என்பதன் அடியில் இருப்பது தொங்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. எதிலிருந்தும் தொங்காதது என்பது அதன் பழைய படம். தமிழில் அதற்கு நேராக நிற்பது 'சார்': சாய்தல், அண்டுதல், பற்றுக்கோடாகக் கொள்ளுதல். சாராத நிகழ்ச்சி என்பதில் ஈறு கெட்டால் சாரா நிகழ்ச்சி. ஓடாத குதிரை, ஓடாக் குதிரை ஆவது போல. பாடநூல்களில் சார்பிலா, சார்பற்ற என்றும் வரும். எல்லாம் ஒரே வேர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை 'சுதந்திர' என்பதோடு. வடசொல் என்பதற்காக அல்ல. 'நிபந்தனை' வடசொல்தான், அதை வைத்து நிபந்தனை நிகழ்தகவு என்று நானும் எழுதுகிறேன். சுதந்திரம் என்பது ஒருவருக்கு உரிய நிலை. 'அவன் சுதந்திரமானவன்' என்றால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. 'சார்' அப்படி முடியாது. 'அது சாராது' என்றவுடன் 'எதை?' என்று கேட்கத் தோன்றும். கணக்குக்கு வேண்டியது அந்த 'எதை'தான். எந்த நிகழ்ச்சியும் தன்னளவில் சாராததாக இருக்க முடியாது; இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். இரண்டின் நிகழ்தகவுகளைப் பெருக்கினால் வருவதே இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு என்றால், அவை ஒன்றையொன்று சாராதவை. பகடையில் இரட்டை விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அல்லது அதற்குக் கீழ் விழுவதை அது சாராது: 1/2 × 2/3 = 1/3, இரண்டும் சேர்ந்து வருவது 2, 4 என்ற இரண்டு முகங்களில், அதுவும் 1/3. வரம்பை 3 அல்லது அதற்குக் கீழ் என்று மாற்றினால் கதை மாறிவிடும். பெருக்கினால் 1/4 வருகிறது, ஆனால் சேர்ந்து வருவது 2 என்ற ஒரே முகத்தில், 1/6. அதே பகடை, அதே இரட்டை, ஒருமுறை சாராதது, மறுமுறை சார்ந்தது. இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

சுதந்திரத்தைவிட மோசம் அதற்கு விளக்கம் சொல்ல வரும் 'தனித்த', 'தனித்தனி'. மேலே சொன்ன இரண்டும் ஒரே பகடையில், ஒரே உருட்டலில் நடப்பவை. தனித்தனியே எதுவும் இல்லை, ஆனாலும் சாரா நிகழ்ச்சிகள். மறுபக்கம், இரட்டையும் ஒற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாதவை. கேட்டால் 'தனித்தனி' என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இரட்டை விழுந்தது என்று தெரிந்த கணமே ஒற்றையின் நிகழ்தகவு 1/2இலிருந்து 0க்கு வந்துவிடுகிறது. அவ்வளவு கெட்டியாகச் சார்ந்தவை அவை. அவற்றுக்குப் பெயர் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சாராமையையும் விலக்கலையும் குழப்புவதுதான் நிகழ்தகவில் மாணவர் செய்யும் பெரிய பிழை. 'தனித்த' என்ற சொல் அந்தக் குழப்பத்தை அப்படியே ஊட்டிவிடுகிறது.

சரி, எதிர்ப்பதம்? 'சார்பு நிகழ்ச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். சார்பு என்பது நம் கணிதத்தில் ஏற்கெனவே 'ஃபங்ஷன்' என்ற வேறொன்றுக்குப் பெயராகிவிட்டதால் 'சார்ந்த நிகழ்ச்சி' என்பதே நல்லது. 52 சீட்டில் ஒன்றை எடுத்து, திரும்ப வைக்காமல் இன்னொன்றை எடுத்தால், இரண்டும் ஏஸாக இருக்க 4/52 × 3/51, அதாவது 1/221. திரும்ப வைத்துக் கலைத்துவிட்டு எடுத்தால் 1/169. முதல் கணக்கில் இரண்டாவது பின்னம் முதல் சீட்டைச் சார்ந்து மாறியது. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: சார்ந்த என்றால் பின்னது முன்னதன்மேல் சாய்கிறது என்று தோன்றும், உண்மையில் சார்பு இருபுறமும் உண்டு. இரண்டாவது சீட்டு ஏஸ் என்று முதலில் தெரிந்தால், முதல் சீட்டு ஏஸாக இருப்பதற்கும் அதே 3/51தான். 'ஒன்றையொன்று சார்ந்த' என்று முழுதாகச் சொன்னால் அந்தக் குறையும் தீரும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பிடிவாதமா என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1999, இங்கிலாந்து. இரண்டு கைக்குழந்தைகளை இழந்த தாய்மீது கொலைக் குற்றச்சாட்டு. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543இல் 1 வாய்ப்பு, ஆகவே இரண்டுக்கு அதை அதாலேயே பெருக்கி ஏறத்தாழ 7.3 கோடியில் 1 என்று மருத்துவ வல்லுநர் சாட்சி சொன்னார். ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு. ஒரு மரணம் மற்றதைச் சாராது என்று எப்படித் தெரியும்? அந்தப் பெருக்கலுக்கு அடிப்படையே இல்லை என்று அரசப் புள்ளியியல் கழகம் 2001இல் வெளிப்படையாக அறிவித்தது. மறைந்திருந்த மருத்துவச் சான்று வெளிவந்து 2003இல் தண்டனை ரத்தாகும்வரை அந்தத் தாய் சிறையில் இருந்தார். 'எதைச் சாராது, ஏன் சாராது' என்று கேட்க வைக்கும் சொல் ஒரு கணக்கில் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலி அதையே திரும்பத் தருகிறது, அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார். அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்காவது போட்டுப் பார்த்திருந்தால் அது எங்கே இடறுகிறது என்று தெரிந்திருக்கும். இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள்: முதலாவது தலை, இரண்டாவது தலை, இரண்டும் ஒரே பக்கம் என மூன்று நிகழ்ச்சிகள். எந்த இரண்டை எடுத்தாலும் 1/2 × 1/2 = 1/4 சரியாக வரும். மூன்றும் சேர்ந்து நடக்கவோ 1/8 அல்ல, அதே 1/4. இதை 'இவை இரண்டிரண்டாகச் சாராதவை, மூன்றாகச் சேர்த்தால் சார்ந்தவை' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'சுதந்திர'த்தை வைத்து இதே வரியை எழுதிப் பாருங்கள்.