பகுதி சபை: மனசில் உறுத்துவதை மனுவாக்கினால்தான் வேலை நடக்கும்

தெருவுக்குப் புதுத் தார் போட்ட மறுநாள் வாசற்படி தாழ்ந்துபோன மாதிரி இருக்கிறது. காலையில் பிடிக்கும் முதல் குடத்துத் தண்ணீரில் மட்டும் ஒரு வாடை. மழையே இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் சலசலவென்று ஏதோ ஓடுகிறது. ஏதோ சரியில்லை என்று மனசு சொல்லிவிடும். ஆனால் "நமக்கென்ன தெரியும், இன்ஜினியர் பார்க்காமலா செய்திருப்பார்" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் மனசு சொன்னதுதான் சரியாக இருக்கும். மே மாதத்து வடிகாலில் ஓடுவது அநேகமாகக் கழிவுநீர். அதை எங்கே, எந்த வார்த்தையில் சொன்னால் அலுவலகத்தில் காது கேட்கும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

சொல்வதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் பகுதி சபை, பேச்சு வழக்கில் ஏரியா சபா. வார்டு குழுவின் கீழ், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் தனித்தனியாகக் கூடும் கூட்டம் அது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியலமைப்பின் 74வது திருத்தம் 1992லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்தது 2022ல். இடைப்பட்ட முப்பது வருஷத்தைப் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும், விடுங்கள். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், வார்டுக்குப் பத்துப் பகுதி சபைகள். கவுன்சிலர்தான் வார்டு குழுவின் தலைவர். பகுதிக்கு ஒரு பிரதிநிதி உண்டு. அவர் நீங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் அல்ல, மாநகராட்சி மன்றம் நியமித்தவர். அதனால் அவரிடம் வாயால் சொல்லிவிட்டு "சொல்லியாச்சு" என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் பொறி வாக்காளர் பட்டியல். அந்தப் பகுதியின் வாக்காளர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். பத்து வருஷமாக வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவரின் ஓட்டு இன்னும் திருநெல்வேலியில் இருந்தால், கூட்டத்தில் அவர் பார்வையாளர்தான். ஓட்டை மாற்ற வேண்டியது படிவம் 8ல். புதிதாகச் சேர்ப்பவர்களுக்கானது படிவம் 6. அதைப் போட்டால் இரண்டு இடத்தில் பெயர் இருப்பதாகச் சிக்கல் கிளம்பும். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கொடுப்பதென்றால் அது பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வெறுமனே பத்திரத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டது செல்லாது. பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையா? அங்கேயே நின்றுவிட வேண்டாம். ஆதார் முகவரியை மாற்றிக் கொடுக்கலாம், வங்கிப் பாஸ்புக்கும் போதும். எதுவுமே இல்லாவிட்டாலும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழி உண்டு. "டாக்குமென்ட் இல்லைன்னா முடியாதும்மா" என்று கவுன்ட்டரில் சொல்வது பாதி உண்மைதான். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களும் ஒருமுறை வாக்காளர் உதவி எண்ணான 1950க்குப் போன் செய்து பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பொறி, கூட்டம் நடப்பதே தெரியாமல் போவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அறிவிப்பு எங்கோ ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், அல்லது கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றும். "கூட்டம் எப்போ?" என்று கேட்டால் "சொல்றோம்" என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். வார்டு அலுவலகத்துக்குப் போய், "கடந்த கூட்டம் எந்தத் தேதியில், எங்கே நடந்தது? அதன் தீர்மானப் பதிவேட்டை எங்கே பார்க்கலாம்?" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நடந்த கூட்டத்தைப் பற்றிக் கேட்டால்தான் அடுத்த கூட்டத்தின் தேதி வாயிலிருந்து வரும்.

கூட்டத்தில் பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதுதான் நிற்கும். "எங்க தெருவைக் கவனிக்கவே மாட்டேங்கறாங்க" என்று எழுதினால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. "இந்தத் தெரு, இந்த எண் கம்பத்து விளக்கு, இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை" என்றால் ஏறியே ஆக வேண்டும். கம்பத்தில் பெயின்ட்டில் எழுதிய எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். ஐந்து குறைகளை ஒரே தாளில் எழுதினால், அதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மொத்த மனுவையும் முடித்துவிடுவார்கள்.

ஆளைச் சாய்க்கும் அலைச்சல் இனிமேல்தான் வரும்: "இது எங்க வேலை இல்லை." தெருவிளக்கு மாநகராட்சியுடையது. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு, அதாவது 94987 94987க்கு, அடித்தால் திருப்பி அனுப்புவார்கள். மழைநீர் வடிகாலும் மாநகராட்சிதான். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதற்கு 044-4567 4567. ரோட்டோரமாகச் செவ்வகப் பலகைகள் மூடியிருந்தால் பெரும்பாலும் அது மழைநீர் வடிகால். ரோட்டின் நடுவில் வட்ட மூடி இருந்தால் கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கிறது என்று போனால் மாநகராட்சி ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், குடிநீர் வாரியத்தின் உள்ளூர் அலுவலகமான டெப்போவைக் கைகாட்டுவார், டெப்போ ஏ.இ. மாநகராட்சியைக் கைகாட்டுவார். இதற்கு ஒரே மருந்து, ஒரே நாளில் இரண்டு இடத்திலும் மனு கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் புகார் எண்ணை எழுதிவிடுவது. அடுத்த பகுதி சபையில் இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். ரோடும் எல்லாம் மாநகராட்சி ரோடு இல்லை. அண்ணா சாலை மாதிரியானவை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பஸ் போகும் ரோடுகளுக்கு மாநகராட்சியிலேயே தனிப் பிரிவு உண்டு, வார்டு அலுவலகத்தில் மல்லுக்கட்டிப் பயனில்லை.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913ல் புகார் பதிந்தால் அதற்கு ஓர் எண் வரும். சில நாளில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வரும், பள்ளம் அப்படியேதான் இருக்கும். அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுத்து, பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதியுங்கள். தள்ளிப்போட்டால், "நாங்க சரி பண்ணினோம், அப்புறம் மறுபடி உடைஞ்சிருக்கும்" என்பார்கள்.

தண்ணீர் வாடைக்கு, மோட்டார் போடாமல் தெருக்குழாயிலிருந்தோ மீட்டருக்கு முன்னாலிருந்தோ முதல் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். உங்கள் சம்ப்பிலிருந்து எடுத்தால் "தொட்டியைக் கழுவுங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாறுகிறது என்பதோடு நிறுத்தாமல், குளோரின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. பார்த்த அளவை எழுத்தில் வாங்குங்கள்.

தார் விஷயத்தில் வேலை தொடங்கும் முன்பே உஷாராக வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போவதால்தான் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன, முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. ஜல்லி வந்து இறங்கியதுமே வாசற்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப் தெரியப் படம் எடுங்கள். பக்கத்து இரண்டு வீட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும் என்பது அந்த வேலைக்கான மதிப்பீட்டில் (எஸ்டிமேட்) இருக்கும், அதன் நகலை ஏ.இ.யிடம் கேளுங்கள். ரோலர் போன பிறகு கேட்டால் பதில் கிடைக்குமே தவிர ரோடு இறங்காது.

எதுவும் நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள், 30 நாளில் பதில். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தின் தீர்மான நகல், அதன்மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று கேளுங்கள். வேறு துறையின் விஷயம் என்றால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. "அங்க போய்க் கேளுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பலர் இந்த இரண்டாவது 30 நாளைத்தான் கோட்டை விடுகிறார்கள். தபால் ரசீதின் பின்பக்கத்திலேயே கடைசித் தேதியை எழுதி வையுங்கள்.