பழைய பொயிலரின் கடைசி வேலை

வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து அக்கா அழைத்தார். வீட்டைச் சூடாக்கும் பொயிலரை மாற்றப் போகிறார்களாம். குழாய்களை அதற்கு முன்பே கழுவ வேண்டும் என்கிறார் அக்கா, புதியதைப் பூட்டிவிட்டுக் கழுவலாம் என்கிறார் அத்தான்; இருவருக்கும் வாக்குவாதம். 27 பாகையைச் சுற்றியே ஆண்டைக் கழிக்கும் கொழும்புக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் நான் பழைய கார் வைத்திருப்பவன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்த எனக்கு ரேடியேற்றரின் வியாதிகள் கொஞ்சம் தெரியும்.

அங்கே பொயிலர் எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்பு அதை அறை அறையாகச் சுவரில் மாட்டிய உருக்கு ரேடியேற்றர்களுக்குள் தள்ளுகிறது. சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு அதே தண்ணீர் பொயிலருக்குத் திரும்புகிறது. குளிக்கவோ குடிக்கவோ அதை எடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே கடற்காற்றில் நம் ஜன்னல் கம்பியை அரிக்கும் சிவப்புக் கறளுக்குத் தாராளமாக ஒட்சிசன் வேண்டும். மூடிய குழாய்க்குள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இரும்பு சும்மா இருப்பதில்லை. மெதுவாக அரிபட்டு, மக்னடைட் என்ற கறுப்புத் தூளாகிறது. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் தூள் அது. தண்ணீரைவிட ஐந்து மடங்கு அடர்த்தி என்பதால் ரேடியேற்றரின் அடியில் வண்டலாகத் தங்கிவிடுகிறது. மேலே தொட்டால் கை சுடும், கீழே தொட்டால் ஜில்லென்றிருக்கும். அக்கா வீட்டு வரவேற்பறையில் இரண்டு குளிர்காலமாக இதுதான் நிலைமை. மேற்பகுதி குளிர்ந்திருந்தால் கதை வேறு: அங்கே வாயு தேங்கியிருக்கிறது. அது வெறும் காற்றாக இருக்கலாம். இந்த அரிப்பிலேயே பிறந்த ஐதரசனாகவும் இருக்கலாம். அதைத் திறந்துவிடும்போது பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

இனி வாக்குவாதத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாகப் பூட்டும் எரிவாயு பொயிலர்கள், சில விலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தைப் பறிக்கும் வகையாக இருக்க வேண்டும். அந்தச் சாமர்த்தியத்துக்காக அவற்றின் உள்ளே தண்ணீர் ஓடும் வழிகள் ஒடுக்கமாக இருக்கின்றன. அடியில் உறங்கிய வண்டலைப் புதிய பொயிலரைப் பூட்டிய பிறகு கிளப்பிவிட்டால், அது போய் அடைக்கும் முதல் இடம் அந்த ஒடுக்கம்தான்.

ஆகவே அக்கா பக்கம்தான் நியாயம். பழையது இன்னும் எரிகிறதென்றால் அதை உடனே கழற்றக் கூடாது. கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, சில நாட்கள் சூடாகச் சுற்றவிட வேண்டும். வெந்நீரில் மருந்து வேகமாக வேலை செய்யும். அழுக்குச் சட்டையை வெந்நீரில் ஊறவைப்பதும் இதற்காகத்தானே! பிறகு பம்பு இயந்திரத்தால் முன்னும் பின்னும் தண்ணீரை அடித்து, ரேடியேற்றர்களை ரப்பர் சுத்தியலால் தட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை வெளியேற்ற வேண்டும். பழைய பொயிலர் செத்துப்போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, குழாய் முனைகளில் இயந்திரத்தை இணைத்துக் கழுவலாம். நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். புதியது வந்த பிறகும் சிறிதாக ஒரு அலசல் உண்டு, குழாய்களைப் பற்றவைக்கப் பூசிய பசையும் செப்புத் துகளும் போவதற்கு. கடைசியாகக் கறள் தடுக்கும் மருந்து. திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் பூட்டினால் நல்லது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் பூசும் வெள்ளைப் படிவு லண்டனிலும் உண்டு. ஆனால் மூடிய சுற்றில் முதலில் நிரப்பிய தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அளவானதுதான். அழுத்தம் குறைகிறதென்று அடிக்கடி புதுத் தண்ணீர் விடும்போதுதான் சுண்ணாம்பும் புதிய ஒட்சிசனும் சேர்ந்து நுழைகின்றன.

கழுவிய மறுநாள் அக்கா படம் அனுப்பினார்: வாளி நிறையத் தார் போன்ற தண்ணீர். அதற்கடுத்த நாள் இன்னொரு படம்: மாடி ரேடியேற்றரின் கீழ் ஒரு சட்டி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அரித்துத் துளையான இடத்தை இத்தனை காலமும் அந்த வண்டல்தான் அடைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அத்தான் இரண்டு நாட்களாக அந்தச் சட்டியைக் காட்டிக்கொண்டே இருக்கிறாராம்.