ஃபில்டர் மாட்டிய காம்பாக்ட் கேமராவுக்கு ஹூட் ஏன் கட்டாயம்?

காம்பாக்ட் கேமரா வாங்கும்போது கடையிலேயே லென்ஸின் முன் ஒரு யுவி ஃபில்டரை (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வட்டை)த் திருகிக் கொடுத்துவிடுகிறார்கள். லென்ஸ் ஹூட், அதாவது லென்ஸைச் சுற்றி முன்னால் நீட்டி நிற்கும் மறைப்பு, தனி விலை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, பெரும்பாலானவர்கள் மறந்தே போகிறார்கள். திருமணங்களும் கோயில் விழாக்களும் படமெடுப்பது என் தொழில். புதியவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களின் கேமராக்களில் ஃபில்டர் இருக்கும், ஹூட் இருக்காது. முதலில் வாங்க வேண்டியது ஹூட்தான். ஃபில்டர் மாட்டினால் ஹூடும் மாட்டியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு பரப்புகள். ஆக, சுமார் 8 சதவீதம். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் இது பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இலவசமாக வரும் ஃபில்டர்களில் அத்தகைய பூச்சைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. வெயில் பக்கவாட்டிலிருந்து ஃபில்டரில் விழும்போது படம் முழுவதும் வெளிறிப்போகிறது. கறுப்பு சாம்பலாகிறது, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் உயிரிழக்கிறது. அந்தப் பக்கவாட்டு ஒளியைத் தடுப்பதுதான் ஹூடின் வேலை.

ஹூடால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. விளக்கு படத்துக்குள்ளேயே இருந்தால் ஹூடுக்கு அங்கே வேலை இல்லை. சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபில்டரின் தட்டையான பரப்பில் மோதி மீண்டும் உள்ளே வருகிறது. படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளக்கின் பொய்ப்பிம்பம் ஒன்று தலைகீழாக விழுகிறது. கார்த்திகை தீபத்தன்று அகல்விளக்கு வரிசையை எடுத்தவர்கள், இருண்ட வானத்தில் சின்னச் சின்னச் சுடர்கள் மிதப்பதைப் பார்த்து லென்ஸ் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே காட்சியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிம்பங்கள் இருக்காது. இரவில் விளக்குகளைப் படமெடுக்கும்போது பாதுகாப்பு ஃபில்டர் வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்க டிஜிட்டல் கேமராவுக்குத் தனி ஃபில்டர் தேவையும் இல்லை. சென்சாரின் முன்னுள்ள கண்ணாடியே அதைப் பார்த்துக்கொள்ளும்.

இனி, இரண்டையும் சேர்த்துப் பொருத்துவது. பெரிய கேமராக்களில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. சின்னக் கேமராவின் அகன்ற லென்ஸில் மில்லிமீட்டர் கணக்கு. ஃபுல்ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு) கணக்கில் 28 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 75 பாகை பார்க்கிறது, 35 மி.மீ. லென்ஸ் சுமார் 63 பாகை. தடித்த வளையமுள்ள போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும், சுழற்றக்கூடிய ஃபில்டர்), அதன்மேல் இன்னொரு ஃபில்டர், அதன்மேல் ஹூட் என்று அடுக்கிக்கொண்டே போனால் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். ஒரே ஒரு மெல்லிய ஃபில்டர், அதன்மேல் அந்த கேமராவுக்கென்றே செய்த ஹூட்: இதற்கு மேல் போகாதீர்கள்.

பொருத்திய பிறகு சோதித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரையோ மேகம் மூடிய வானத்தையோ, ஜூம் இருந்தால் மிக அகன்ற நிலையில் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுதாகத் திறந்து ஒரு படமும் நன்றாகக் குறைத்து ஒரு படமும் எடுங்கள். லென்ஸின் இயல்பான மங்கல் என்றால் அப்பர்ச்சரைக் குறைக்கும்போது தெளியும். வளையமோ ஹூடோ மறைக்கிறது என்றால் கறுப்பின் விளிம்பு இன்னும் கூர்மையாகும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைக் குறைக்கும் கேமராக்களில் சில படங்களில் மட்டும் ஒரு மூலை கறுக்கக்கூடும் என்பதால் ஐந்தாறு படங்களாவது எடுத்துப் பாருங்கள்.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் லென்ஸின் முன்வளையத்தைக் கழற்றி ஏஆர்-எக்ஸ்100 என்ற அடாப்டர் வளையத்தைப் பொருத்த வேண்டும். அதற்குள் 49 மி.மீ. ஃபில்டர், வெளியே எல்எச்-எக்ஸ்100 ஹூட். எக்ஸ்100வி, எக்ஸ்100VI இரண்டிலும் தூசியும் தூறலும் உள்ளே போகாமல் இருக்க இந்த அடாப்டரும் பாதுகாப்பு ஃபில்டரும் அவசியம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எனவே கடற்கரைக்குப் போனால் இதில் ஃபில்டர் இருக்கட்டும். ரிக்கோ ஜிஆர் III கேமராவில் ஜிஏ-1 என்ற குழாய் அடாப்டர் உடலிலேயே பொருந்துகிறது. லென்ஸ் அதற்குள் நீண்டு சுருங்குகிறது, ஃபில்டரின் எடையை உடல் தாங்குகிறது. நல்ல அமைப்பு. என் கவலையெல்லாம், லென்ஸின் முன்விளிம்பில் பசையால் ஒட்டும் வளையங்கள் பற்றியது. சோனி ஆர்எக்ஸ்100 போல மோட்டாரில் நீண்டு சுருங்கும் லென்ஸில் அப்படி ஒட்டி, ஃபில்டரையும் ஹூடையும் ஏற்றினால், முழு எடையும் அந்த மெல்லிய குழலின் நுனியில் தொங்குகிறது. கேமராவை அணைக்கும்போது அதையும் இழுத்துக்கொண்டுதான் மோட்டார் சுருங்க வேண்டும். அங்கே ஃபில்டர் மட்டும் போதும். வெயிலை மறைக்க உங்கள் உள்ளங்கையே ஹூட்.

போலரைசர் தனிச் சிக்கல். அதைச் சுழற்றினால்தான் பயன். ஹூட் மாட்டியபின் விரல் எட்டாது. முதலில் சுழற்றி அமைத்துவிட்டு, பிறகு ஹூடைப் பொருத்துங்கள். போலரைசரின் மேலேயே திருகும் ஹூட் என்றால் அது வட்டமாக இருக்கவேண்டும். சதுர ஹூடோ இதழ் வடிவ ஹூடோ போலரைசரோடு சேர்ந்து சுழன்று மூலைகளை வெட்டிவிடும். 

என்டி ஃபில்டர் (ஒளியின் அளவைக் குறைக்கும் கருமையான ஃபில்டர்) வாங்கும் முன் கேமரா மெனுவைப் பாருங்கள்: எக்ஸ்100VI-இல் 4 ஸ்டாப், ஜிஆர் III-இல் 2 ஸ்டாப் குறைக்கும் என்டி உள்ளேயே இருக்கிறது (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்). இதில் கண்ணைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. எக்ஸ்100-இன் ஆப்டிகல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துக் காட்சியை நேரே பார்க்கும் கண்ணாடிச் சாளரம்) லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸில் எவ்வளவு அடர்ந்த ஃபில்டர் இருந்தாலும் வியூஃபைண்டரில் தெரியும் சூரியனை அது துளியும் மங்கவைக்காது. சூரியனை எடுப்பதென்றால் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது, திரையைப் பயன்படுத்துங்கள். மூலைகள் கறுப்பதும் அந்த வியூஃபைண்டரில் தெரியாது.

உள்ளமைந்த ஃபிளாஷ் போட்டால் ஹூடின் நிழல் படத்தில் அரைவட்டமாக விழும். அப்போது ஹூடைக் கழற்றிவிடுங்கள்.

ஃபில்டரை இறுக்கித் திருகாதீர்கள், விரல்நுனியின் பிடி போதும். இறுகிவிட்டால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துத் திருக வேண்டாம். மெல்லிய வளையம் நீள்வட்டமாகி மேலும் பிடித்துக்கொள்ளும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, எல்லா விரல்களாலும் சமமாகப் பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள்.