ஓதம் ஏறுற பழைய சுவருக்கு சிமெண்ட் பூசாதீங்க

மழை முடிஞ்சு தை பொறந்ததும் வட சென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துலேர்ந்து எனக்கு வர்ற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், "சார், சுவர்ல ஓதம் ஏறுது, பெயிண்ட் உரியுது, போன வருஷம்தான் பழசெல்லாம் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசினோம், மறுபடியும் வந்துடுச்சு". போய்ப் பார்த்தா தாத்தா காலத்து வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின தடி சுவர், மேல தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. நல்ல வீடுங்க. அதைக் கெடுத்ததே அந்த ரிப்பேர்தான்.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். தரையில இருக்குற ஈரத்தை செங்கல் உறிஞ்சி மேல இழுக்கும், இதைத் தடுக்குற ஓதத்தடுப்பு பழைய வீடுங்க நெறையத்துல கெடையாது. ஆனா சுண்ணாம்புப் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க உண்டு, அதனால ஏறின ஈரம் அந்த வழியா ஆவியா போய்டும், சுவர் தன்னைத்தானே காய வச்சுக்கும். சிமெண்ட் பூசி, அதுக்கு மேல பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சா அந்த வழி அடைஞ்சு போகுது. ஈரம் எங்க போகும்? இன்னும் மேல ஏறும். 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டினா 5வது அடியில ஓதம் தெரியும். கூடவே உப்பு வேற, கடல் பக்கம்ங்கிறதால நம்ம ஏரியால அது ஜாஸ்தி. தண்ணி காயும்போது உப்பு பூச்சுக்குப் பின்னாடி கெட்டியாகி பூச்சையே வெளிய தள்ளுது, அதான் தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம் வர்றது.

அதனால முதல்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. பைப் கசிவா, பாத்ரூம் ஒட்டுன சுவரா, தெருவா. இங்க ரோடு போடுறப்பெல்லாம் பழசை சொரண்டாம மேலயே போட்டுட்டுப் போனதுல எத்தனையோ வீடு தெருவுக்குக் கீழ எறங்கிடுச்சு, மழைத்தண்ணி உள்ள வருதுன்னு ஜனங்க ரப்பீஷ், அதாவது இடிச்ச கல்லு மண்ணைக் கொட்டி தரையை உசத்துறாங்க, அப்போ ஈரமான ரப்பீஷ் சுவரை ஒட்டியே நிக்குது, ஓதம் அந்த அளவுக்கு மேல போகுது. முடிஞ்சா வாசப்படியை மட்டும் உசத்துங்க, சுவரை ஒட்டி சிமெண்ட் தரை போடாம ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நெரப்புங்க. அப்புறம் அந்த சிமெண்ட் பூச்சை எடுத்துட்டு சுவரை காய விடணும். இதுக்கு மாசக்கணக்குல ஆகும், இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. பூத்து வர்ற உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளயே போகும். நல்லா காஞ்சப்புறம் நீறின சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு வச்சுப் பூசி, மேல வெள்ளை அடிங்க, போதும். அந்தக் காலத்துல கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியில கலப்பாங்க, இப்பவும் செய்யலாம்.

மாடி ஒழுகுதுன்னா உடனே மேல கான்கிரீட் போடச் சொல்ற மேஸ்திரிங்க இருக்காங்க, தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. மெட்ராஸ் டெரஸ்ங்கிறது தேக்குக் கட்டை மேல செங்கல்லை நிறுத்தி சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு அடிச்சு இறுக்கி தட்டோடுங்கிற தட்டையான ஓடு பதிச்சது. 10க்கு 12 ரூம்ல 3 அங்குலம் கான்கிரீட் போட்டா சுமார் 2 டன் வெயிட் கூடுது, அதைத் தாங்குறது அதே பழைய கட்டைங்கதான். கட்டையோட நடுப்பகுதி நல்லாருக்கும், சுவருக்குள்ள சொருகின முனைதான் முதல்ல உளுத்துப் போகும், அங்க கம்பியால குத்திப் பாருங்க. பெரும்பாலும் ஒழுகுறது தட்டோடு சந்துலயும் கைப்பிடிச் சுவர் ஓரத்துலயும்தான், அதை மட்டும் சுண்ணாம்புல அடைச்சா நிக்கும். கைப்பிடிச் சுவர்ல அரசஞ்செடி முளைச்சிருந்தா மேல மட்டும் பிச்சுப் போடாதீங்க, வேரோட எடுக்கணும்.

முற்றத்தை ஸ்லாப் போட்டு மூடுறதும் வேண்டாம், வீட்டுச் சூடு மேல போய் வெளியேறுற வழி அது, அதை அடைச்சுட்டு ஏசி வாங்குறோம். திருட்டு பயம்னா கிரில் போடுங்க, மழைக்கு ஷீட் வேணும்னா பக்கவாட்டுல காத்து போற மாதிரி உசத்திப் போடுங்க. முற்றத்துத் தண்ணியை பழைய கிணத்துக்குத் திருப்பிவிடுங்க, மழைநீர் சேகரிப்பு 2003லயே எல்லா வீட்டுக்கும் கட்டாயம் ஆனதுதான், நமக்கு வடக்க மீஞ்சூர் பக்கமெல்லாம் நெலத்தடியில கடல் தண்ணி ஏறி வருஷக்கணக்காச்சு, நாம உள்ள விடுற நல்ல தண்ணிதான் அதைத் தள்ளி நிறுத்தும்.

இடிச்சே ஆகணும்னா ஒண்ணு கேளுங்க, இங்க நெறைய வீட்டுக்குப் பொதுச்சுவர், பக்கத்து வீட்டுக் கட்டையும் அதே சுவர்லதான் உக்காந்திருக்கும், இன்ஜினியர் பார்த்து முட்டு கொடுக்காம கை வைக்கக்கூடாது. இடிக்கிறவர் "மரமெல்லாம் நானே எடுத்துக்குறேன், கூலியில கழிச்சுக்கலாம்"னு சொன்னா சரின்னுடாதீங்க, அது பர்மா தேக்கா இருக்கலாம், முதல்ல பழைய மரக்கடைக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டி விலை கேளுங்க, நல்ல கதவு ஜன்னலை புது வீட்டுக்கே வச்சுக்குங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இப்போ கம்மி, கெடைச்சாலும் முழு வீட்டையும் ஒரே தடவையில கொடுக்காம ஒரு ரூம்ல ஒரு சுவரை மட்டும் பூசச் சொல்லி, அடுத்த மழை தாண்டினதும் அந்தச் சுவரைப் பார்த்துட்டு மிச்சத்தைக் கொடுங்க.