பைன் மரங்களுக்கு மேலே சில வினாடிகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம் அமைந்திருக்கும் நிலம், முன்பு பழமரக் கன்றுகளும் பூச்செடிகளும் வளர்த்து விற்ற ஒரு நாற்றங்கால் பண்ணையாக இருந்தது. கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸும் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சியும் 1930களின் தொடக்கத்தில் அதை மைதானமாக மாற்றினார்கள். 1934 முதல் அங்கே மாஸ்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற கோல்ஃப் போட்டி நடைபெறுகிறது. கோல்ஃப் ஆட்டம் ஸ்காட்லாந்தின் மரமற்ற கடலோர மணல்வெளிகளில் வளர்ந்தது. அதற்கு நேர்மாறாக, உயர்ந்த மரங்களுக்கும் ஈரமான தாழ்நிலங்களுக்கும் நடுவே அமையும் பூங்கா வகை மைதானங்களில் பந்து வேறு விதிகளுக்கு உட்பட்டதுபோல நடந்துகொள்கிறது. இயற்பியல் விதிகள் மாறுவதில்லை என்றாலும், மரமும் நீரும் அவற்றை எப்படியெல்லாம் கலந்து தருகின்றன என்பதை அகஸ்டாவின் 12ஆம் குழியைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

கோல்ஃபில் குழி என்பது பந்தை இடும் துளையை மட்டுமல்ல, முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து அந்தத் துளை வரையுள்ள பகுதி முழுவதையும் குறிக்கும். அந்த மைதானத்தின் மிகச் சிறிய குழி அதுதான். நீளம் 155 யார்டு, அதாவது சுமார் 142 மீட்டர். நிலம் தாழ்ந்து இறங்கும் ஒரு மூலையில் கிரீன், அதாவது துளையைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு, குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் முன்னால் ரேஸ் க்ரீக் என்னும் ஓடை, ஓடைக்கும் கிரீனுக்கும் இடையே சரிவான புற்கரை, பின்னால் பூப்புதர்கள், சுற்றிலும் நெடிய பைன் மரங்கள். முன்னணி வீரர்களுக்கு அங்கே 8 அல்லது 9ஆம் எண் அயர்ன் என்னும் உலோகத்தலை மட்டையே போதும். அவர்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பயிற்சி செய்யும் அடிதான் அது. அப்படியிருந்தும் 2016 மாஸ்டர்ஸின் கடைசி நாளில், முதல் ஒன்பது குழிகள் முடிந்தபோது ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், இந்த ஒரே குழியில் இரண்டு பந்துகளை ஓடையில் இழந்து, மூன்று அடிகளில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வீரர்களின் பதற்றத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். பதற்றம் இருந்திருக்கலாம், ஆனால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அங்குள்ள காற்றை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பந்திலிருந்து தொடங்குவோம். ஒரு கோல்ஃப் பந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டினால், அதன் பரப்பெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழிவுகள் விரலில் தட்டுப்படும். வழவழப்பான பந்து பறக்கும்போது, அதைத் தழுவிச் செல்லும் காற்றுப்படலம் பந்தின் நடுப்பகுதிக்கு அருகிலேயே பிரிந்துவிடுவதால், பின்னால் அகலமான சுழல்வால் உருவாகிப் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. குழிவுகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் இன்னும் சற்றுத் தூரம் பந்தின் முதுகை ஒட்டியே செல்கிறது, வால் ஒடுங்குகிறது, இழுவை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இதனுடன் சுழற்சியும் சேர்கிறது. 8ஆம் எண் அயர்னின் சாய்ந்த முகம் பந்தை நிமிடத்துக்குச் சுமார் 8,000 சுற்றுகள் பின்னோக்கிச் சுழலவைக்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே திருப்பிவிடுவதால், எதிர்வினையாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. கோல்ஃப் பந்தின் பறத்தலில் இந்தத் தூக்குவிசைக்கு உள்ள பங்கை 1890களில் விளக்கியவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃப்ரெடி, பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இரண்டு முறை வென்ற ஆட்டக்காரர் என்பதை நினைக்கும்போது, அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்வதே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இப்படித் தூக்கப்படும் பந்து, சுமார் 25 முதல் 30 மீட்டர் உயரத்தைத் தொட்டு இறங்குகிறது. வளர்ந்த பைன் மரத்தின் உயரமும் ஏறக்குறைய அதுவே. இந்தக் குழியின் சிக்கல் முழுவதும் இந்தப் பொருத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது. தோப்புக்குள் கிளைகளும் இலைகளும் காற்றின் வேகத்தை உறிஞ்சிவிடுவதால் தரையருகே காற்று சோம்பிக் கிடக்கும். மரத்தலைகளுக்குச் சற்று மேலே அதன் வேகம் சட்டென ஏறும். வேகமான படலம் மெதுவான படலத்தின் மீது உராய்ந்து செல்லும் அந்த எல்லையில், அலை மடிந்து உருள்வதுபோலச் சுழல்கள் பிறக்கின்றன. அவற்றில் சில, மரங்கள் விலகிய திறந்தவெளிக்குள் இறங்கி, தரையில் மோதி, வந்த திசைக்கு எதிராகவே திரும்பி ஓடுகின்றன. அருகருகே உள்ள 11, 12ஆம் கிரீன்களின் கொடிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் பறப்பதற்கு இதுவே காரணம். டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்பவர் ஒரு பிடி புல்லைக் கிள்ளித் தூவிப் பார்த்தாலும், அது அவர் முகத்தின் உயரத்தில் உள்ள காற்றை மட்டுமே காட்டும். பந்தோ தன் பயணத்தின் பெரும்பகுதியை அவருக்குத் தெரியாத காற்றில் கழிக்கிறது.

அந்தத் தெரியாத காற்று எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். மட்டையை விட்டுக் கிளம்பும்போது பந்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 50 மீட்டர். இழுவை, காற்றுக்கும் பந்துக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அந்த வேகம் 55 ஆகி, இழுவை 21 சதவீதம் கூடும். எதிர்க்காற்று தூக்குவிசையையும் கூட்டுவதால், பந்து முன்னேறுவதற்குப் பதிலாக மேலெழும்பி, மரத்தலைகளுக்கு மேலுள்ள வேகமான காற்றிலேயே இன்னும் அதிக நேரம் நிற்கிறது. பின்காற்றில் கிடைக்கும் ஆதாயத்தைவிட எதிர்க்காற்றில் ஏற்படும் இழப்பே பெரிது. முன்னும் பின்னும் சில மீட்டர் பிழையைக்கூடப் பொறுக்காத ஒடுங்கிய கிரீனில், சுழல் ஒன்று அரை வினாடி முந்தியோ பிந்தியோ வந்தால் பந்து ஓடையில் விழும் அல்லது பின்னால் உள்ள மணற்பள்ளத்தில் புதையும்.

கிரீனில் விழுந்த பந்து என்ன ஆகும் என்பதைத் தரைக்கடியில் உள்ள நீர் முடிவுசெய்கிறது. இன்றைய கிரீன்கள் பலவும் சுமார் 10 சென்டிமீட்டர் சரளைக்கல்லின் மேல் 30 சென்டிமீட்டர் மணல் பரப்பிக் கட்டப்படுகின்றன. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், மணலில் உள்ள நீர் பெரிய இடைவெளிகள் கொண்ட சரளைக்குள் எளிதில் இறங்குவதில்லை. துவைத்துக் கொடியில் போட்ட வேட்டியின் மேற்பகுதி காய்ந்த பின்னும் அடி விளிம்பு ஈரமாகவே இருப்பதுபோல, நுண்துளைகளின் பிடியில் நீர் மணலின் அடியில் தேங்கி நிற்கிறது. மழை பெருத்து அந்தப் பிடியை மீறும் எடை சேர்ந்தால்தான் மிகுதி நீர் சரளைக்குள் வடிகிறது. புல்லின் வேர்களுக்கு வேண்டிய ஈரம் கீழே இருக்க, மேற்பரப்பு இறுக்கமாக இருக்கும் நுட்பமான ஏற்பாடு இது. நிழலான மூலையில் இருப்பதால் 12ஆம் கிரீனுக்கு இதுவும் போதவில்லை; வேர்ப்பகுதியைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் அதன் அடியில் நீர்க்குழாய்கள் பதித்திருக்கிறார்கள்.

கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற அலுமினியச் சட்டத்தைச் சாய்த்துப் பந்தை உருட்டிவிடுவார்கள். பந்து வினாடிக்குச் சுமார் 1.83 மீட்டர் வேகத்தில் சட்டத்தை விட்டு இறங்கும். அது 12 அடி தூரம் ஓடி நின்றால், அந்தக் கிரீன் மிக வேகமானது. அத்தகைய புல்லில் சரிவு ஏறக்குறைய 6 சதவீதத்தைத் தாண்டினால், உருளத் தொடங்கிய பந்து நிற்கவே நிற்காது என்று கணக்குச் சொல்கிறது. ஓடையை நோக்கி இறங்கும் 12ஆம் குழியின் கரை இதைவிட மிகச் செங்குத்தானது. ஆகவே அங்கே விழுந்து பின்னோக்கி உருளும் பந்து தண்ணீருக்குள் போவதே இயல்பு.

1992 மாஸ்டர்ஸின் கடைசி நாளில் ஃப்ரெட் கப்பிள்ஸ் அடித்த பந்தும் அந்தக் கரையில்தான் விழுந்து, ஓடையை நோக்கி உருண்டது. மெதுவாக உருளும் 46 கிராம் பந்தை நிறுத்தப் பெரிய தடை எதுவும் தேவையில்லை. வளைந்த சில புல்தாள்களும் ஈரமண்ணில் விழும் சிறு அமுங்கலும் போதும். தண்ணீருக்கு மேலே, நிற்கக்கூடாத ஒரு சரிவில் அந்தப் பந்து நின்றது. கப்பிள்ஸ் கரையில் கால் ஊன்றி அதை மெல்லக் கிரீனுக்குத் தூக்கிப் போட்டு, மூன்றாவது அடியில் குழியில் இட்டார். அன்று மாலை இரண்டு அடிகள் வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார்.