ஷட்டில்காக்: இறகுப்பந்தா, பூப்பந்தா?

தமிழ்நாட்டில் 'ஷட்டில்காக்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் இரண்டாகப் பிரிந்து இரண்டு வேலை பார்க்கிறது. 'ஷட்டில் ஆடலாமா?' என்றால் பேட்மின்டன் ஆட்டம். 'காக் இருக்கா?' என்றால் அடிக்கப்படும் பொருள். விளையாட்டுச் சாமான் கடையில் 'ஒரு டப்பா காக்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இதையே 'கார்க்' என்று சொல்பவர்களும் உண்டு. அடியில் தக்கை இருப்பதால் அதுவும் சரிபோலத்தான் தோன்றும், ஆனால் அது வேறு சொல். கார்க் பந்து கிரிக்கெட்டுக்கு உரியது.

ஷட்டில் என்பது நெசவுத் தறியின் கருவி. நம் தறிக்காரர்கள் அதை நாடா என்பார்கள். தார்க்குழலைச் சுமந்துகொண்டு பாவு இழைகளுக்கு நடுவே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடி ஊடு இழையைப் போடுவது அதுதான். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூல வடிவம் எறிகணையை, அம்பைக் குறித்தது. இரு முனைகளுக்கிடையே போய்த் திரும்புவதற்கெல்லாம் பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஷட்டில் பேருந்தும் விண்வெளி ஷட்டிலும் அப்படி வந்தவைதான். காக் என்பது சேவல். இறகுக் கொத்தைப் பார்த்து வைத்த பெயர். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் 'ஷட்டில்காக்' வழங்கியது. அப்போது வலை கிடையாது. இருவர் சிறு மட்டைகளால் இதைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டிருப்பதே ஆட்டம். இப்போதைய ஆட்டத்தின் தொடக்ககால விதிகள் 1870களில் புனேயில் இருந்த ஆங்கிலேயர்களிடையே உருவானவை. 'பூனா' என்றே அதற்கு ஒரு பெயர் இருந்தது. பேட்மின்டன் என்ற பெயர் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷரில் உள்ள போஃபர்ட் கோமகனின் மாளிகைப் பெயர்.

தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் குழப்பம். இறகுப்பந்து, பூப்பந்து, சிறகுப்பந்து என மூன்று சொற்கள் அச்சில் காணக் கிடைக்கின்றன. சிறகுப்பந்தை முதலில் தள்ளிவிடலாம். பேச்சில் இரண்டும் கலந்து வந்தாலும், சிறகு என்றால் பறவை விரிக்கும் முழு உறுப்பு, இறகு அதிலிருந்து உதிரும் ஒற்றை. காக்கில் செருகியிருப்பது இறகு.

பூப்பந்தைத் தள்ளுவது அவ்வளவு எளிதல்ல. உருவத்தை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை; இலங்கைத் தமிழ் ஏடுகளும் பேட்மின்டனைப் பூப்பந்தாட்டம் என்றே எழுதுகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறோர் ஆட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று, மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்தை மட்டையால் அடிக்கும் 'பால் பேட்மின்டன்'தான் இங்கே பூப்பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஆட்டத்தின் களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். காக் ஆடும் களமோ 13.4க்கு 6.1 மீட்டர்தான். பள்ளி விளையாட்டுப் போட்டி அறிவிப்பில் 'பூப்பந்து' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஷட்டில் மட்டையோடு போய் நிற்பது இதனால் நேர்வது. ஆகவே தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது ஆட்டம் இறகுப்பந்தாட்டம், பொருள் இறகுப்பந்து என்று பிரித்து எழுதுவதே நல்லது. இலங்கை வாசகருக்குப் பூப்பந்தாட்டம் பழகிய சொல். அதைத் திருத்தப் போக வேண்டாம்.

'இது பந்தே இல்லையே' என்று ஒரு மறுப்பும் எழும். உண்மைதான். பந்து எப்பக்கம் பட்டாலும் ஒன்றுபோலப் போகும். இதற்கு முன், பின் உண்டு. அடி வாங்கிய உடனே திரும்பிக்கொண்டு எப்போதும் தக்கையை முன்னால் நீட்டித்தான் பறக்கும். எடையெல்லாம் தக்கைப் பக்கம், காற்றுத் தடையெல்லாம் இறகுப் பக்கம் என்பதே காரணம். 2023இல் ஜப்பானில் நடந்த சோதனையில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் அடி, மட்டையை விட்டுக் கிளம்பியபோது மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் காட்டியது. அப்படிக் கிளம்புவதும் களத்தைக் கடப்பதற்குள் வேகத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். இழக்காவிட்டால் எதிரில் நிற்பவர் எடுக்கவே முடியாது.

விதிப்படி ஒரு காக்கில் 16 இறகுகள். தக்கையின் மேல்விளிம்பிலிருந்து நுனிவரை 62 முதல் 70 மில்லிமீட்டர். நுனிகள் சேர்ந்து அமைக்கும் வட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர் விட்டம். தக்கை 25 முதல் 28. மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம்தான். வாத்தின் இறகு, பெருவாத்தின் இறகு இரண்டிலும் செய்கிறார்கள். மேற்கு வங்கத்தின் உலுபேரியா இதற்குப் பேர்போன ஊர். ஒரு காக்கில் உள்ள 16 இறகுகளும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடச்சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலச்சிறகினது மறுபக்கம் வளையும். கலந்து செருகினால் காக் சீராகச் சுழலாமல் தள்ளாடும். தண்டுகளை இரண்டு சுற்று நூலால் கட்டிப் பசை பூசியிருப்பார்கள். வாங்கும்போது அந்தப் பசை எல்லாத் தண்டிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான டப்பாக்களில் முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான்.

டப்பா மூடியில் 75, 76, 77, 78 என்றோ 1, 2, 3, 4 என்றோ எண் இருக்கும். அதுதான் வேகம். எண் கூடக்கூட காக் தொலைவு போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தடையும் குறைவு. அதனால் சென்னை, மதுரை வெயிலுக்கு 75 அல்லது 76 போதும், குளிர்ந்த ஊருக்கு 77, 78. ஆனால் ஊட்டி குளிர்தானே என்று 78 வாங்கிப் போனால் காக் கோட்டைத் தாண்டிப் பறக்கும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால் குளிரின் விளைவை உயரம் விழுங்கிவிடுகிறது.

சந்தேகமாக இருந்தால் சோதிக்க விதியிலேயே வழி இருக்கிறது. கடைசிக் கோட்டின் மேல் நின்று, பக்கக் கோட்டுக்கு இணையாக, கீழ்க்கையாக முழு விசையில் மேல்நோக்கி அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் சரியான வேகம். டேப் தேவையில்லை: கடைசிக் கோட்டுக்குச் சற்று உள்ளே இருக்கும், இரட்டையர் ஆட்டத்தின் நீள சர்வீஸ் கோட்டுக்கு முன்னும் பின்னும் 23 சென்டிமீட்டர் என்பதும் இதுவும் ஒன்றே. வேகமாகப் போகும் காக்கின் இறகு நுனிகளை வெளிப்பக்கம் மடித்து அடக்குவது பயிற்சியில் நடப்பதுதான். போட்டியில் அப்படி வேண்டுமென்றே காக்கைக் கெடுத்தால் அது ஒழுங்கீனம்.

இறகு சீக்கிரம் ஒடிகிறதென்றால் பெரும்பாலும் அது காய்ந்துபோயிருக்கிறது. ஏசி அறையிலும் கார் டிக்கியிலும் வைத்த டப்பாவில் இப்படி ஆகும். ஆட்டத்துக்கு முந்தின இரவு டப்பாவின் இறகுப் பக்க மூடியை மட்டும் திறந்து, கொதிக்கும் நீரின் ஆவியைச் சில விநாடி காட்டி மூடி வையுங்கள். தக்கையில் ஆவி படக் கூடாது. பட்டால் எடை ஏறும், பசை இளகும். நைலான் காக்குக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதில் எண்ணுக்குப் பதில் வண்ணப் பட்டை: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. புதிதாகக் கற்பவர் நீல நைலானில் தொடங்குவதே சிக்கனம். ஒரு டப்பா இறகுக் காக் அவர்களிடம் ஒரு மாலைகூடத் தாங்காது. தக்கைக்குப் பதில் மட்டை விளிம்பு இறகில்தான் பட்டுக்கொண்டிருக்கும்.

ராக்கெட்டுக்கு மட்டை என்ற சொல் போதும். பனைமட்டை, தென்னமட்டை வழியாக நம்மிடம் எப்போதோ இருக்கும் சொல் அது. அதில் பின்னியிருப்பதைக் கடைக்காரர்கள் 'கட்' என்பார்கள், பின்னுவது 'கட்டிங்'. ஆங்கிலத்தில் அதற்குக் குடல் என்று பொருள். ஒரு காலத்தில் விலங்குக் குடலைத் திரித்துத்தான் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் நைலான் இழை. யாழுக்கு நாம் கட்டிய நரம்பு என்ற சொல்லே இதற்கும் பொருந்தும், பயன்படுத்துவோர்தான் இல்லை. தொடங்குபவர் 20 முதல் 24 பவுண்டு இழுவிசையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றினால் நடுவில் படாத ஒவ்வொரு அடியும் வலுவிழந்து போகும், மணிக்கட்டும் வலிக்கும். ஓர் இழை அறுந்தால் மீதியையும் உடனே, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிவிட வேண்டும். ஒரு பக்க இழுவிசை மட்டும் மிஞ்சினால் மட்டையின் சட்டம் கோணிவிடும். மட்டையின் எடைக் குறிப்பில் 4யூ என்றால் 80 முதல் 84 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89. எண் கூடினால் எடை குறைவு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

காலணிக்கு ரப்பர் அடி, தாழ்ந்த குதிகால். ஓட்டத்துக்கான ஷூவின் உயரமான குதிகால் பக்கவாட்டில் பாயும்போது கணுக்காலைப் பிரட்டிவிடும்.

வலையில் எல்லாரும் விடும் தவறு ஒன்று. கம்பம் 1.55 மீட்டர், ஆனால் நடுவில் வலையின் உயரம் 1.524 இருக்க வேண்டும். கம்பத்தை மட்டும் அளந்துவிட்டுக் கயிற்றைத் தளர விட்டால் நடுவில் இன்னும் தொய்ந்து, வலையில் மாட்ட வேண்டிய சர்வீஸெல்லாம் தாண்டிப் போகும். கயிற்றை இழுத்துக் கட்டிய பின் நடுவில்தான் அளக்க வேண்டும்.