இட்டாலிக்: சாய்ந்த எழுத்தா, சாய்த்த எழுத்தா?

இட்டாலிக் என்றால் சாய்வெழுத்து. தமிழில் இச்சொல் நிலைத்துவிட்டது, நல்ல சொல்லும்கூட. ஆனால் சாய்வு இந்த எழுத்தின் குணங்களில் ஒன்றுதான், முதற்குணம் அன்று.

வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் நடத்திய அச்சகத்துக்காக இதை அச்செழுத்தாக வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1501இல் பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகள் முழுக்க முழுக்க இந்த எழுத்திலேயே நூலாக வந்தன. ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட இதைக் கையாளும் வழக்கம் பிற்பாடு வந்தது. அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்துதான் இதற்கு மூலம். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் அச்சில் பெரிய எழுத்துகள் (கேப்பிடல்) நிமிர்ந்தே நின்றன. சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்தன. இத்தாலியர்கள் இதை 'கோர்சிவோ' என்கிறார்கள், அதாவது ஓடும் எழுத்து. சொந்த ஊரார் குணத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். அயலார் ஊரைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

அந்த ஓட்டத்தில் எழுத்தின் உடலே மாறிவிடுகிறது. நேரெழுத்தில் ஆங்கிலச் சிறிய 'ஏ' தலைக்கு மேல் கொக்கி வளைந்து இரண்டடுக்காக இருக்கும். இட்டாலிக்கில் கொக்கி மறைந்து, ஒரே வயிறும் பக்கத்தில் ஒரு தண்டும் மிஞ்சும். 'எஃப்' பல எழுத்துருக்களில் அடிக்கோட்டைத் தாண்டி வாலை இறக்கும். நேரெழுத்தைக் கணினியில் ஒரு பக்கமாகத் தள்ளினால் இவை எதுவும் நடக்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழிலேயே வழி இருக்கிறது. சாய்ந்தது தானாகச் சாய்ந்தது. சாய்த்தது ஒருவர் பிடித்துத் தள்ளியது. ஆகவே இட்டாலிக்கைச் சாய்வெழுத்து என்றும், வெறுமனே சரிக்கப்பட்டதான 'ஒப்லிக்'கைச் சாய்த்த எழுத்து என்றும் சொல்வதே சரி.

தலைப்புகளில் காணும் நளினமான இட்டாலிக்குகளில் இன்னொரு பரம்பரையும் கலந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மாவில் போதோனியும் பாரிஸில் தீதோ குடும்பத்தாரும் ஆகிய அச்செழுத்து வடிவமைப்பாளர்கள் தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழைக் கோட்டை நிறுத்தினார்கள். இதை 'ஹை கான்ட்ராஸ்ட்' என்பார்கள். அகராதி தரும் 'உயர் மாறுபாடு' காதில் ஒட்டவில்லை. 'தடிமன் வேறுபாடு மிக்கது' என்றால் கண்முன் நிற்கிறது. கோட்டின் முனையில் வரும் சிறு கீற்றான செரிஃபை 'முனைக்கோடு' எனலாம். இட்டாலிக்கில் அது தட்டையாக நில்லாமல், பேனா தாளைத் தொட்ட இடத்திலும் விட்ட இடத்திலும் சுழியாகிவிடுகிறது.

தலைப்பு போன்ற பெரிய அளவுக்கென வரையப்படும் 'டிஸ்ப்ளே' எழுத்துருக்களுக்குக் 'காட்சி எழுத்துரு' என்ற பெயர்ப்பு எதையும் விளக்குவதில்லை. தலைப்பெழுத்துரு என்பதே பொருந்தும். இவற்றைச் சிறிய அளவில் அச்சிட்டால் மயிரிழைகள் மறைந்து எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய உரைக்கு இவை ஆகா.

தமிழ் எழுத்துகளுக்கு இப்படியொரு தனிச் சாய்வு வடிவம் அச்சில் வேரூன்றவில்லை. தமிழ் உரையில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் கிடைப்பது சாய்த்த எழுத்துதான். அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போதும்.